நான்கு பூங்காக்களை விட நான்கு இரவுகள் மேல்

வரும் பிப்ரவரியில் அம்மாவையும் அழைத்துக்கொண்டு தான்சானியா செல்லத் திட்டமிட்டு வருகிறோம். முகவர் ஒருவர் அனுப்பிய முதல் அட்டவணையில், ஆறே நாள்களுக்குள் தரங்கிரே, மன்யாரா, ங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி ஆகிய நான்கு வனவிலங்குப் பகுதிகளும் அடுக்கப்பட்டிருந்தன. பயணம் தொடங்கும் அருஷா நகரிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதிக்குச் சாலை வழியே போய்ச் சேரவே ஏறத்தாழ ஒரு பகல் முழுவதும் ஆகும் என்பதை அறிந்தபோது, அந்த அட்டவணைப்படி போனால் விலங்குகளைவிட வண்டியின் இருக்கையைத்தான் அதிகம் பார்ப்போம் என்று அதை அப்படியே ஒதுக்கிவிட்டேன்.

என் கருத்தில், சஃபாரிக்குப் போகிறவர்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது பூங்காவை அல்ல, மாதத்தை. செரெங்கெட்டியின் வடக்கே ஓடும் மாரா ஆற்றை வைல்டபீஸ்ட் எனும் பெரிய மான் இனத்தின் கூட்டம் கடக்கும் காட்சிக்காகப் பெரும்பாலோர் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான மாதங்களையே நாடுகிறார்கள். நான் பிப்ரவரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்போது அந்தக் கூட்டம் தெற்கே ந்டுட்டு சமவெளியில் கன்று ஈன்றுகொண்டிருக்கும் என்பதுதான். பழைய எரிமலைச் சாம்பல் படிந்த அந்த மண்ணில் முளைக்கும் குட்டைப் புல்லில் கால்சியமும் பாஸ்பரஸும் மிகுதி என்பதால், பாலூட்டும் தாய்கள் அங்கேயே வந்து சேர்கின்றன. ஈன்ற சில நிமிடங்களிலேயே கன்று எழுந்து நிற்கிறது, சிறுத்தைப்புலிக்கும் கழுதைப்புலிக்கும் தப்ப வேண்டுமென்றால் அது எழுந்தே ஆக வேண்டும். இதை ஓடுகிற ஓட்டத்தில் பார்க்க முடியாது. எனவே ந்டுட்டுவில் மட்டும் நான்கு இரவுகள் தங்குகிறோம். போகும் வழியில் ஒரு நாள், சுமார் 600 மீட்டர் ஆழமுள்ள ங்கோரோங்கோரோ எரிமலைப் பள்ளத்தில் இறங்குவோம், அவ்வளவே.

தான்சானியாவின் சான்சிபார் தீவுக் கடற்கரை கட்டாயம் சஃபாரிக்குப் பிறகுதான் வர வேண்டும். விடியுமுன் எழுந்து, புழுதியில் குலுங்கித் திரும்பிய உடம்புக்கு அந்த ஓய்வு தேவை. பிப்ரவரி சான்சிபாரிலும் வெயில் மாதமே. மார்ச் பிற்பகுதியில் தொடங்கி மே வரை நீளும் பெருமழைக்கு முன்பே திரும்பிவிடலாம். ஆனால் சான்சிபாரில் எந்தக் கரை என்பது முக்கியம். கிழக்கே பாஜே, ஜம்பியானி பகுதிகளில் ஓதம் இறங்கும்போது கடல் வெகுதூரம் உள்வாங்கி, பெண்கள் கடற்பாசி வளர்க்கும் திட்டுகள் வெளியே தெரியும். நடக்க அருமையான இடம், ஆனால் அந்நேரம் நீந்த முடியாது. வடக்கே நுங்வி, கெண்ட்வா கரைகளில் இந்த வேறுபாடு குறைவு. அம்மாவுக்குக் கடலில் கால் நனைத்தபடி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதால் கெண்ட்வாவில் மூன்று இரவுகள், கடைசி இரவு சான்சிபாரின் பழைய நகரான ஸ்டோன் டவுனின் வீதிகளில் என்று வைத்திருக்கிறோம்.

உள்நாட்டுச் சிறு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோ வரை, அதுவும் மடங்கும் துணிப்பைகளையே ஏற்பார்கள் என்பதால், அம்மாவின் கெட்டிப் பெட்டிக்குப் பதிலாகப் புதுப் பை ஒன்றை நேற்றே வாங்கிவிட்டேன்.