ஷீல்டு கடை வைக்கச் சொல்லி யாரும் கேக்கலண்ணா

பேசாம இருந்துடலாம்னுதான் நினைச்சேன். ஆண்டு விழா மேடையில நடந்தது என் லிஸ்ட்ல இருக்கிற எல்லாருக்கும் தெரியும். எங்க காலேஜ் நாடகத்துல லீட் ரோல் பண்ணவங்களுக்கு ஷீல்டு, பொன்னாடை, சீஃப் கெஸ்ட்டோட போட்டோ. குழுவா ஆடின நாங்க மேடை ஓரத்து விங்ஸ்ல நின்னு கை தட்டினோம். சரி, போகட்டும். ஆனா என் தோழி வருத்தப்பட்டு நாலு வரி எழுதினதுக்குக் கீழ ஒரு முன்னாள் மாணவர் அண்ணா வந்து, "பின்னாடி ஆடினவங்களுக்கெல்லாம் ஷீல்டு கொடுத்தா காலேஜ் ஷீல்டு கடைதான் வைக்கணும்"னு எழுதுறார். அதுக்கு நம்ம கிளப் ஆளுங்களே போய் சிரிச்சுட்டு வந்திருக்காங்க. யார் யார் சிரிச்சீங்கன்னு பேர் தெரியும் மக்களே, முகநூல் காட்டிக் கொடுத்துடும்.

அண்ணா, நாங்க பின்னாடி ஆடல. நாங்க ஆடினதுதான் அந்த சீன்.

நாங்க எடுத்தது 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', ரெண்டு தெரு கேங் மோதிக்கிற கதையைப் பாட்டும் ஆட்டமுமா சொல்ற மியூசிக்கல். அதுல 'கூல்' பாட்டு வர்ற இடத்துல கதையில பெருசா எதுவும் நடக்காது. தெருச் சண்டைக்கு முன்னாடி கொதிச்சுக்கிட்டிருக்கிற பசங்கள அவங்க தலைவன் அடக்கி வைக்கப் பார்க்கிறான், அவ்வளவுதான். கோபம் அடங்குறது, பிதுங்குறது, வெடிக்கிறது, திரும்ப அடங்குறது எல்லாமே உடம்புலதான் நடக்கும். குழுவை எடுத்துட்டுப் பாருங்க. மேடையில ஒருத்தன் தனியா விரலைச் சொடுக்கிக்கிட்டு நிப்பான். இருபத்தொன்பது சி பஸ்ஸுக்கு நிக்கிறான்னு நினைச்சுட்டுப் போயிடுவீங்க.

இதை 1957-ல நியூயார்க்கோட பெரிய நாடக அரங்குகள் இருக்கிற பிராட்வேயில மேடையேத்தின ஜெரோம் ராபின்ஸுக்கு இது தெரிஞ்சிருந்தது. அப்போ வழக்கமா நாலு வாரம்தான் ஒத்திகை. அவர் எட்டு வாரம் கேட்டு வாங்கினார். ரெண்டு கேங்ல நடிக்கிறவங்களும் ஒத்திகை நேரத்துலகூட ஒருத்தரோட ஒருத்தர் கலந்து பழகக் கூடாதுன்னு வெச்சிருந்தார். கேங்ல இருக்கிற ஒவ்வொருத்தனுக்கும் பேர் உண்டு. ஆக்‌ஷன், பேபி ஜான், ஸ்னோபாய், டீசல்னு வரிசையா. நம்ம காலேஜ் பேஜ்ல போட்ட போட்டோவுல எங்களுக்குப் பேரும் இல்ல, தலையும் இல்ல. க்ராப் பண்ணதுல ஓரத்துல ஒரு முழங்கை மட்டும் மிஞ்சியிருக்கு. அது என்னோடது. நன்றி.

ஒத்திகை எப்படி இருந்துச்சுன்னு சிரிச்சவங்களுக்குச் சொல்றேன். செமினார் ஹால்ல ஏசி போட மாட்டாங்க. ஆடிக்கிட்டே பாடணும்னா மூச்சு தாங்கணும், அதனால டான்ஸ் மாஸ்டர் கிரவுண்ட்ல ஓட விட்டு, ஓடும்போதே பாட வைப்பார். சுருதி இறங்கினா இன்னொரு ரவுண்டு. தரையில முட்டியால சறுக்குற ஸ்டெப் இருக்கு. நீ-பேட் வாங்க கிளப்ல காசு இல்ல, பழைய சாக்ஸை வெட்டி மாட்டிக்கிட்டோம். ஹாஸ்டல் ரூம் முழுக்க அயோடெக்ஸ் வாசனை. லீடுங்க இந்த ஒத்திகையில பாதிக்குத்தான் வருவாங்க. அவங்களுக்கு வசன ஒத்திகை தனியா இருந்துச்சு, அது நியாயம்தான். சொல்ல வந்தது அது இல்ல.

பாட்டு நடுவுல லீட் பையன் திரும்பிப் பார்க்காம அப்படியே பின்னால சாயணும். கவுண்ட் ஏழுல சாய்வான், எட்டுல நாலு பேர் பிடிக்கணும். முதல் தடவை அவன் பயந்து காலை ஊனிட்டான். அடுத்த தடவையும் ஊனினான். "பிடிப்போம்டா, விழு"ன்னு சொல்லிச் சொல்லி ஒருநாள் கண்ணை மூடிக்கிட்டு விழுந்தான். நாங்க பிடிச்சோம். ஷோ அன்னைக்கும் பிடிச்சோம். அந்த இடத்துக்குத்தான் ஹால்ல விசில் பறந்துச்சு. ஷீல்டு விழுந்தவனுக்கு, பிடிச்ச எட்டு கைக்கு "குட் எஃபர்ட் சில்ரன்".

அப்புறம் எங்க ஸ்விங் பொண்ணு. ஸ்விங்னா யார் வரலைன்னாலும் அந்த இடத்துல இறங்கி ஆடறவங்க. ஒவ்வொருத்தர் நிக்கிற இடம், மாறுற கவுண்ட், யாருக்கு முன்னாடி யார் கடக்கணும் எல்லாத்தையும் கலர் கலர் பேனாவால நோட்டுல வரைஞ்சு வெச்சிருந்தா. ஷோவுக்கு முந்தின நாள் ஒருத்திக்குக் கணுக்கால் பிசகிடுச்சு. இவ இறங்கி ஆடினா, யாருக்கும் வித்தியாசமே தெரியல. தெரியலங்கிறதுதான் அவ செஞ்ச வேலை. அதுக்குத்தான் அவளை யாருமே பார்க்கலையாம்.

"டோனி விருதுலயே குழுவுக்கு விருது இல்லையே"ன்னு கூகுள் பண்ணிட்டு ஒருத்தர் வந்தார். உண்மைதான், பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கிற அந்த விருதுல குழுவுக்குன்னு ஒண்ணு இல்ல. அதனாலதான் அங்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டியே 2007-ல பிராட்வே குழுவுக்குன்னு ஒரு விருது ஆரம்பிச்சது. அதுக்கும் ரொம்ப முன்னாடி, 1950-லேர்ந்து அங்க ஒரு அங்கி வழக்கம் இருக்கு. புது மியூசிக்கல் தொடங்குற ராத்திரி, குழுவுல யார் அதிக பிராட்வே நாடகத்துல குழுவா ஆடியிருக்காங்களோ அவங்க அந்த அங்கியைப் போட்டுக்கிட்டு மேடையை மூணு சுத்து சுத்துவாங்க. மத்தவங்க தொட்டுக்குவாங்க. லீடுக்குக் கிடையாது அந்த அங்கி. கூகுள் பண்றதுன்னா முழுசாப் பண்ணுங்க ப்ரோ.

அவ்வளவு தூரம்கூட வேண்டாம். செய்யாறு பக்கம் என் தாய்மாமா கூத்துல பின்பாட்டு. முன்னாடி நிக்கிறவர் ஒரு அடி பாடினா மாமா அதை வாங்கிப் பாடுவார். அந்த நேரத்துலதான் வேஷக்காரர் ஆடுவார், மூச்சு வாங்குவார். பின்பாட்டு நின்னா துரியோதனனும் நிக்க வேண்டியதுதான். விடிஞ்சதும் பணம் பிரிக்கும்போது மாமாவுக்கும் பங்கு உண்டு. "நீங்க பின்னாடிதானே நின்னீங்க"ன்னு அவரை யாரும் கேட்டு நான் பார்த்ததில்ல.

இன்னொரு ஆறுதல் கோஷ்டி இருக்கு. "பிரபுதேவாவே அக்னி நட்சத்திரத்துல குரூப்ல ஆடினவர்தான், உனக்கும் காலம் வரும் டியர்." 1988-ல அந்தப் படத்துல அவரோட சேர்ந்து ஆடின மத்தவங்க பேர் ஒண்ணு சொல்லுங்க டியர். முன்னாடி வந்தவரைக் காட்டித்தான் குரூப்புக்கு மரியாதைன்னா, கடைசி வரைக்கும் குரூப்லயே நல்லா ஆடினவங்க எல்லாம் யாரு? தோத்துப் போனவங்களா?

எங்கம்மா ஊர்லேர்ந்து பஸ் பிடிச்சு ஷோ பார்க்க வந்தாங்க. முடிஞ்சதும் கேட்டது, "நீ எங்கடி நின்ன?" அவங்க மேல எனக்குக் கோபம் இல்ல. லைட்டெல்லாம் லீட் மேலதான் இருந்துச்சு. ஆனா மறுநாள் மேடையில பேரையாவது படிச்சிருந்தா அம்மா அதைக் கேட்டுட்டு ஊருக்குப் போயிருப்பாங்க. பேர் படிக்க ரெண்டு நிமிஷம் ஆகுமா? சீஃப் கெஸ்ட் அவரோட பால்ய காலத்தைப் பத்தி அரை மணி நேரம் பேசினார்.

ஷீல்டு வேண்டாம்ணா. நீங்களே வெச்சுக்கோங்க. இன்னும் கேவலமான ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி யாரும் வாயே திறக்கல. காலேஜ் வேலையா கிளாஸுக்கு வராதவங்களுக்கு வருகை கொடுக்கிற ஓ.டி. (ஆன் டியூட்டி) லிஸ்ட்லயும் லீடுங்க பேர் மட்டும்தான் போயிருக்கு. ஒத்திகைக்கு வந்த எங்களுக்கு ஆப்சென்ட். வருகை 75 சதவீதத்துக்குக் கீழ போனவங்க, அந்தக் குறையை மன்னிக்கச் சொல்லி காண்டொனேஷன் ஃபீஸ் கட்டணும். அதாவது காலேஜுக்காக ஆடினதுக்கு காலேஜுக்கே ஃபைன். இதுக்கும் போய் ஒரு சிரிப்பு போடுங்க.

விழுந்தவன் என் நண்பன்தான். எங்க கையில விழுந்தவன். இந்த ரெண்டு விஷயத்துலயும் அவன் இதுவரைக்கும் ஒரு வார்த்தை எழுதல. ஷீல்டோட டிபி மட்டும் மாத்தியிருக்கான்.

ஓ.டி. கேட்டு லெட்டர் எழுதியாச்சு, எங்க ஸ்விங் பொண்ணுகிட்ட இருக்கு. கீழ வந்து "ஃபீல் பண்ணாத டா" போடுறவங்க, நாளைக்கு லஞ்ச் பிரேக்ல கேன்டீன் பக்கம் வந்து அதுல ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.