கம்ப்யூட்டரை மாற்றுவதா வேண்டாமா? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

காரைக்குடியில் எந்தக் கம்ப்யூட்டர் கடையில் போய் நின்றாலும் இப்போது ஒரே பாட்டுதான். "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சுண்ணே, இனி இது ஓடாது, புதுசு வாங்கிடுங்க." இதில் "ஓடாது" என்பது பொய். மீதியில் பாதி உண்மை இருக்கிறது. கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அதனால் தேவகோட்டை, கோட்டையூர், பள்ளத்தூர் என்று போகிற இடமெல்லாம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சிஸ்டம் என்னைப் பார்த்துக்கொண்டு இருக்கும். "மாத்திரலாமா தம்பி?" என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

என் கட்சி இதுதான். டெஸ்க்டாப் என்பது ஏழெட்டுச் சாமான்களை ஒரு தகரப் பெட்டிக்குள் மாட்டி வைத்தது. அதில் எது போயிருக்கிறது என்று பார்க்காமல் பெட்டியோடு மாற்றுவது வீண் செலவு. எல்லாமே போன பிறகும் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதும் வீண் செலவுதான். நம் ஊரில் முதல் தப்பைக் கடைக்காரர் செய்ய வைக்கிறார், இரண்டாவதை நாமே விரும்பிச் செய்கிறோம். எதையும் தூக்கிப் போடாத ஊர் அல்லவா! முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஓட்டை விழுந்த எனாமல் தூக்குக்குக்கூட வயது ஏற ஏற விலை ஏறும். கம்ப்யூட்டருக்கு அந்த யோகம் கிடையாது.

"ரொம்ப ஸ்லோ" என்பதுதான் பொதுவான புகார். எது ஸ்லோ? அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வேண்டியதில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்கிற கட்டம் சும்மா இருக்கும்போதே 100 சதவீதத்தில் நின்றால், உங்கள் பிராசஸர் மேல் பழி போடாதீர்கள். உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க். தட்டு சுற்றிக்கொண்டிருக்க, ஊசி அங்கும் இங்கும் ஓடி ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். விண்டோஸ் 10 பின்னணியில் ஆயிரம் சின்னச் சின்ன ஃபைல்களைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஊசியால் ஈடு கொடுக்க முடியாது. அதை எடுத்துவிட்டு ஒரு சாதாரண சாட்டா எஸ்எஸ்டி (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கிற டிரைவ்) போட்டால், 2014-ல் வாங்கிய ஐ3 மெஷின்கூட ஒரு நிமிஷத்துக்குள் தயாராகி நிற்கும். ராம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள். கணக்கு வேலைக்கும் வீட்டு வேலைக்கும் இந்த இரண்டு மருந்து போதும்.

ஒரு சிக்கல், மருந்தின் விலையே ஏறிவிட்டது. 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறு. மெமரி கம்பெனிகள் எல்லாம் ஏஐ சர்வர்களுக்குச் சரக்கு அனுப்புவதில் மும்முரமாக இருக்கின்றன. வீட்டுக்காரர்களுக்கு விற்றுவந்த குரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக மைக்ரான் 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. எஸ்எஸ்டி விலையும் அதே வழியில் போகிறது. இதனால் புது சிஸ்டத்தின் விலையும்தான் ஏறுகிறது, ஆகவே கையில் இருப்பதைச் சரிசெய்கிற வாதம் இன்னும் பலமாகிறது. பழைய மதர்போர்டுக்கு வேண்டிய டிடிஆர்3 என்ற பழைய ரக ராம் புதிதாகக் கிடைப்பது கஷ்டம். சென்னைக்குப் போகிறவர்களிடம் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழசு வாங்கி வரச் சொல்லலாம். போர்டு நம்பரைக் குறித்துக் கொடுத்து அனுப்புங்கள், இல்லையென்றால் டிடிஆர்4 வாங்கி வந்து நிற்பார்கள். அது இந்தச் சொருகலில் ஏறாது.

அப்புறம், நம் செட்டிநாட்டு வீடுகளுக்கே உரிய சில வியாதிகள் இருக்கின்றன. இதைச் சென்னையில் உட்கார்ந்து வீடியோ போடுகிறவர்கள் சொல்லமாட்டார்கள்.

முதலாவது வைஃபை. இந்தத் தெருவில் முகப்பு, அடுத்த தெருவில் பின்வாசல் என்று நீண்டு கிடக்கிற வீட்டில், ரவுட்டர் முகப்பில் இருக்கும், கம்ப்யூட்டர் வீட்டின் இரண்டாம் கட்டுக்குள் இருக்கும். நடுவில் முழங்கை அகலச் சுவர்கள். சிக்னல் அங்கே போய்ச் சேரும்போது உயிர் இருக்காது. பேஜ் திறக்கவில்லை என்று சிஸ்டத்தை மாற்றியவர்கள் எனக்குத் தெரியும். புதுசும் அதே மாதிரிதான் சுற்றியது. வளவு (நடு முற்றம்) ஓரமாக ஒரு லேன் கேபிளை இழுத்து விட்டிருந்தால் முடிந்திருக்கும்.

இரண்டாவது எர்த். தாத்தா காலத்து வயரிங், மூன்றாவது பின்னுக்கு ஓட்டை மட்டும் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. கேபினெட்டில் கை பட்டால் சுரீர் என்கிறதா? கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று அர்த்தமில்லை. எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது உள்ளே கரண்ட் கொடுக்கிற பெட்டியில், இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் கசிவை எர்த்துக்கு இறக்கும்படிதான் கட்டியிருக்கிறார்கள். இறங்க வழி இல்லாததால் அது தகரத்திலேயே நிற்கிறது. புது சிஸ்டம் வாங்கினாலும் சுரீர்தான். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழி போடுங்கள். இது வேகத்தைப் பற்றிய விஷயம் இல்லை, உயிரைப் பற்றியது.

மூன்றாவது தூசி. செம்மண் தூசியும், திறந்த வளவும், அடிக்கிற வெயிலும் சேர்ந்து ஃபேனை அடைத்துவிடும். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், தாங்காவிட்டால் சிஸ்டம் பட்டென்று அணைந்துவிடும். பிளோயரால் ஊதி, புதுப் பேஸ்ட் வைப்பதற்கு ஆகிற செலவு ஒரு பிரியாணிக் காசு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் பல்லி குடும்பம் நடத்தியதையும் பார்த்திருக்கிறேன். தேதி தினமும் பின்னால் போய், பேங்க் தளத்தைத் திறந்தால் பாதுகாப்பில்லை என்று வருகிறதா? போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரியை மாற்றுங்கள். கரண்ட் போன அடுத்த விநாடி அணைகிறதா? யுபிஎஸ் பேட்டரி போய்விட்டது, சிஸ்டம் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அந்த விண்டோஸ் 10 விவகாரம். மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு அதற்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்களை நிறுத்திவிட்டது. சிஸ்டம் நிற்காது, ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை யாரும் அடைக்கமாட்டார்கள். வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. விண்டோஸ் 10-ன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்க வேண்டும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை சிங்க் செய்தால் காசு கிடையாது. எட்ஜ் பிரவுசருக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை அப்டேட் வரும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, நாளைக்கே ஓட வேண்டிய அவசரம் இல்லை.

விண்டோஸ் 11 ஏற்றலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப், செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க வசதி எல்லாம் வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல்தான் ஏற்றுக்கொள்ளும். ஏழாம் தலைமுறை ஐ7 வைத்திருப்பவர் வெளியே, எட்டாம் தலைமுறை ஐ3 வைத்திருப்பவர் உள்ளே. வேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. நன்றாக ஓடுகிற கோடிக்கணக்கான மெஷின்களை ஒரு கோடு கிழித்துக் குப்பை என்று ஒதுக்கியது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். ரூஃபஸ் என்ற மென்பொருளால் அந்தச் சோதனையைத் தாண்டலாம், உண்மைதான். பையன் படம் பார்க்கிற மெஷின் என்றால் செய்துகொள்ளுங்கள். பிறர் கணக்கும் பான் நம்பரும் இருக்கிற மெஷினில் நான் செய்யமாட்டேன், அடுத்த பெரிய அப்டேட் வருமா என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. கோர் 2 டுயோ வைத்திருப்பவர்களுக்கு அந்த வழியும் அடைத்தாயிற்று. விண்டோஸ் 11-ல் 2024-ல் வந்த 24எச்2 பதிப்பு கேட்கிற ஒரு கட்டளை அந்தப் பிராசஸரில் கிடையவே கிடையாது.

விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட் நல்ல வழி, ஆனால் எல்லோருக்கும் இல்லை. கானாடுகாத்தானில் ஓர் ஆச்சிக்குப் பிள்ளைகள் எல்லாம் சிங்கப்பூரில். பெரிய திரையில் பேரனைப் பார்க்க வேண்டும், யூடியூபில் திருப்புகழ் கேட்க வேண்டும். அவருக்கு மின்ட் தாராளம். கடையில் டாலி கணக்கு மென்பொருள் ஓடுகிறது, டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கன் குத்த வேண்டும் என்றால் விண்டோஸை விடுவது வம்பு. கரண்ட் பில் மிச்சம் என்று மினி பிசி வாங்கச் சொல்கிறவர்களுக்கு: 40 வாட் குறைகிறது, தினம் எட்டு மணி நேரம், வருஷம் 300 நாள் என்று வைத்தால் 96 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் போட்டாலும் வருஷத்துக்கு எண்ணூறு ரூபாய் தேறாது. அதற்காக யாரும் மாற்ற வேண்டாம்.

சரி, எப்போதுதான் மாற்றுவது? போர்டில் குட்டி உருளையாக நிற்கிற கெப்பாசிட்டர் உப்பிவிட்டதா, மாற்றுங்கள். பழைய போர்டுக்குப் பழைய போர்டு தேடி அலைவது வேலைக்காகாது. பிறர் பணத்தையும் பாஸ்வேர்டையும் கையாளுகிற மெஷின், விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லையா, 2026 அக்டோபருக்குள் மாற்றுங்கள். என் அலுவலக மெஷினை இந்தக் காரணத்துக்காக மட்டும்தான் மாற்றினேன், அது நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது எஸ்எஸ்டியும் மின்ட்டுமாக வீட்டுப் பட்டாலையில் இருக்கிறது.

புதுசுதான் வேண்டும் என்று இல்லை. பெரிய கம்பெனிகள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் வகை மெஷின்கள் செகண்ட்ஹேண்டில் நிறைய வருகின்றன. "ஐ7 சார்" என்றதும் மயங்கிவிடாதீர்கள். பிராசஸர் எண்ணில் கோட்டுக்கு அடுத்து வருவதைப் பாருங்கள். ஐ5-8500 என்றால் எட்டாம் தலைமுறை. ஐ7-2600 என்றால் இரண்டாம் தலைமுறை, 2011 சரக்கு, நீங்கள் தூக்கிப் போடப்போவதைவிடப் பழசாக இருக்கும். இன்னொன்று, இந்த வகையில் பலவற்றுக்கு எஸ்எம்பிஎஸ் அந்தக் கம்பெனி அளவில்தான் இருக்கும், உள்ளூர்க் கடையில் கிடைக்கிறது பொருந்தாது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் பில் போடுகிறவர்கள், பின்பக்கம் பழைய பேரலல் போர்ட் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு மெஷினை மாற்றுகிறவர்கள் மாதத்தின் முதல் மூன்று வாரம் அதைத் தொடவே தொடாதீர்கள். மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறவர்களுக்கு 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி கெடு, அது முடிந்த பிறகு பார்க்கலாம். டாலி லைசென்ஸைப் பழைய மெஷினில் சரண்டர் செய்துவிட்டுப் பிறகுதான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் குவிக் ஃபார்மேட் அடித்தால் உள்ளே இருப்பது போகாது, உங்கள் வாடிக்கையாளரின் ஆதார் நகல் அதில் இருக்கிறது.

இங்கே யாராவது லினக்ஸில் டிஎஸ்சி டோக்கனை ஒழுங்காக வேலை செய்ய வைத்திருந்தால், எந்த டோக்கன், எந்த டிரைவர் என்று கமென்ட்டில் எழுதுங்கள். டிடிஆர்3 4 ஜிபி ராம் சும்மா கிடந்தாலும் சொல்லுங்கள். பள்ளத்தூரில் ஒரு பலசரக்குக் கடைக்கு இரண்டு வேண்டும்.