மாமாவின் அலகும் ஒரு சின்ன ஊசியும்

எங்கள் மாமா வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்குக் கன்னத்தில் அலகு குத்திக்கொள்வார். முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது. அதே மனுஷன் சர்க்கரை டெஸ்டுக்கு விரலை நீட்டச் சொன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். வீட்டில் எல்லோரும் சிரிப்போம்.

ஹென்றி பீச்சரைப் பற்றிப் படித்த பிறகு நான் சிரிப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் இத்தாலியில் வேலை பார்த்த அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் அவர். படுகாயத்தோடு வந்த சிப்பாய்களில் நாலில் மூன்று பேர் வலி மருந்து வேண்டாம் என்றார்கள் என்று 1946இல் எழுதினார். உணர்ச்சி மரத்துப்போய்விட்டதா என்றால், அதுவும் இல்லை. ரத்தக்குழாயில் ஊசியைத் தப்பாகக் குத்தினால் எல்லோரையும் போலத்தான் கத்தினார்கள்! பிற்பாடு, ஊரில் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பார்த்தபோது பத்தில் எட்டுப் பேருக்கு மேல் மருந்து கேட்டார்கள். சிப்பாய்க்குக் காயம் என்றால் உயிரோடு வீடு திரும்பலாம். மற்றவருக்கு அது வந்து சேர்ந்த கஷ்டம். பீச்சர் சொன்ன காரணம் இதுதான்.

மாமாவின் அப்பாவுக்குச் சர்க்கரையால் கால் போனது. மாமா பயந்தது ஊசிக்கா, மீட்டரில் வரப்போகும் எண்ணுக்கா?

சரி, ‘எல்லாம் மனசுதான்’ என்று இதைக் கேட்டுவிட்டுச் சொல்பவர்களிடம்தான் எனக்குச் சண்டை. மாதாமாதம் நான் சுருண்டு கிடந்தபோது ‘பொம்பளைன்னா பொறுத்துக்கணும்’ என்றார்கள். ஒரு டாக்டரம்மாவே ‘கல்யாணம் ஆனா சரியாயிடும்’ என்றார். பல வருஷம் கழித்துத்தான் எண்டோமெட்ரியோசிஸ் என்று பெயர் தெரிந்தது; கருப்பையின் உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் அது. மாமாவுக்கு விரதம் இருந்தது, மேளம் இருந்தது, ‘வேல் வேல்’ என்று கத்த ஒரு தெருவே இருந்தது. எல்லாவற்றுக்கும் மேல், அது அவராக வேண்டிக்கொண்டது. என் வலியை நான் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. அவர் பொறுத்ததைக் காட்டி என்னைப் பொறுக்கச் சொல்வது என்ன நியாயம்?

போன மாதம் அக்கா பெண்ணும் அப்படியே சுருண்டு படுத்தாள். அம்மா வழக்கம்போல மோரில் வெந்தயத்தைப் போட்டுக் கொண்டுவந்தாள். குடிக்கட்டும், தப்பில்லை. அப்புறம் நான் ஸ்கேனுக்குக் கூட்டிப்போனேன். துணைக்கு மாமாவும் ஆட்டோவில் வந்தார். அவளுக்கு ரத்தம் எடுக்கும்போது மட்டும் வெளியே போய் நின்றுகொண்டார்.