எல்லா வீட்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு

தெருவில் அடுத்தடுத்து இரண்டு பைக் காணாமல் போனதில் அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. அதனால் போன மாதம் வாசலில் கேமரா மாட்டினோம். மாட்ட வந்த தம்பி வேலையில் கெட்டிக்காரர். ஒயர் வெளியே தெரியாமல் இழுத்து, படத்தைப் பதிந்து வைக்கிற டிவிஆர் பெட்டியை பீரோ மேல் உட்கார வைத்து, என் போனில் ஆப்பையும் போட்டுக் கொடுத்தார். பாஸ்வேர்டு கேட்டேன். "அட்மின், அப்புறம் ஒண்ணுலேர்ந்து ஆறு வரைக்கும் சார்" என்றார். மாற்றிவிடலாமே என்றால், "மறந்துட்டு எங்களுக்குத்தான் சார் போன் பண்ணுவீங்க. நாங்க மாட்டுற எல்லா வீட்டுக்கும் இதான்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நாளைக்கு நாலு வீடு ஓடுகிற மனிதர். ஆனால் 2016இல் மிராய் என்ற வைரஸ் நுழைந்தது இதே வாசல் வழியாகத்தான். கம்பெனியிலிருந்து வரும்போதே இருக்கும் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் அறுபது சொச்சத்தை வைத்துக்கொண்டு, இணையத்தில் கண்ணில் பட்ட கேமரா, டிவிஆர், ரவுட்டர் ஒவ்வொன்றிலும் போட்டுப் பார்த்தது. அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். லட்சக்கணக்கில் மாட்டின. அந்த வருடம் அக்டோபர் 21 அன்று, நாம் தட்டும் இணையப் பெயர்களை எண் முகவரியாக மாற்றித் தரும் டின் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மேல் இப்படிப் பிடிபட்ட கருவிகளை யாரோ ஏவிவிட்டு, ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்டித் திணற வைத்தார்கள். ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் மணிக்கணக்கில் தள்ளாடின. மிராயை எழுதியவர்கள் ஏதோ நாட்டு உளவுப்படை என்று நினைக்காதீர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களை வைத்துக் காசு பார்க்க நினைத்த மூன்று இளைஞர்கள். 2017இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

எனக்கு எரிச்சல் வருவது வேறு இடத்தில். இப்படி எது நடந்தாலும், "பாஸ்வேர்டை மாற்றாதது உங்கள் தப்பு" என்று நம் தலையில் கட்டிவிடுகிறார்கள். அன்றைக்கு மாட்டிய கருவிகள் சிலவற்றில், வீட்டுக்காரர் ஒழுங்காக பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் பலனில்லை. தூரத்திலிருந்தே கருவிக்குள் நுழைய உதவும் டெல்நெட் என்கிற பின்வாசலுக்கு வேறொரு பாஸ்வேர்டு உள்ளேயே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்ற வழியே கிடையாது. கருவியை அணைத்துப் போட்டால் வைரஸ் போய்விடும், சில நிமிடங்களில் திரும்பவும் வந்து ஒட்டிக்கொள்ளும். இதில் வாங்கியவர் தப்பு என்ன இருக்கிறது? பூட்டை விற்றவனை அல்லவா கேட்க வேண்டும்?

பிரிட்டன் 2024 ஏப்ரலில் அதைச் செய்தது. ஊகிக்கக்கூடிய பொதுப் பாஸ்வேர்டோடு இந்த மாதிரி கருவிகளை விற்கவே கூடாது என்று சட்டம். இந்தியாவிலும் 2025 ஏப்ரலிலிருந்து சிசிடிவி கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனை கட்டாயம். சரி, நல்லதுதான். ஏற்கெனவே சுவரில் தொங்குபவற்றை யார் சோதிப்பது?

அன்று இரவே எங்கள் வீட்டு பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். எதிர்வீட்டிலும் மாட்டியது அதே தம்பிதான் என்பதால், மறுநாள் போய் அந்த மாமாவிடமும் சொன்னேன். "விடுப்பா, என் வீட்டை எவன் வந்து பார்க்கப் போறான்?" என்று சிரித்தார்.

அவர் கேமராவில் தெரிவது எங்கள் வீட்டு வாசல்.