‘நீங்க ஏற முடியாது சார்’

விடுமுறையில் ஒருநாள் குடும்பத்தோடு குதிரைச் சவாரி என்பது ஊரிலிருந்து கிளம்பும்போதே முடிவாகிவிட்டது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 13. ஒரு மாதமாக இரண்டு பேருக்கும் இதே பேச்சுதான். கடைசியில் என் மனைவியும் பிள்ளைகளும் குதிரையில் போனார்கள், நான் கூடவே நடந்து போனேன். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போனது வேறொரு இடம். போன உடனே ஆளுக்கொரு குதிரையைக் காட்டி ‘ஏறுங்க, ஏறுங்க’ என்றார்கள். எடை எவ்வளவு என்றோ, இதற்கு முன் ஏறியதுண்டா என்றோ ஒரு கேள்வி இல்லை. ஹெல்மெட் இருக்கிறதா என்றதற்கு, ‘மெதுவாத்தானே போகும், தேவையில்ல’ என்று பதில். மகள் மட்டும் ஏறாமல், தனக்குக் காட்டிய வெள்ளைக் குதிரையின் பக்கத்தில் குனிந்து நின்றாள். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், சேணத்தை இறுக்கும் வயிற்று வார் போகும் இடத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிந்தது. அதன் நடுவில் சிவப்பாக ஒரு புண், பாதி வாருக்குள் மறைந்திருந்தது. ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

“அப்பா, இதுக்கு வலிக்காதா?”

அங்கிருந்தவரிடம் காட்டினேன். “அதெல்லாம் தானா ஆறிடும் சார், நீங்க ஏறுங்க.”

தானாக ஆறாது. வியர்வையும் அழுக்கும் சேர்ந்து வார் உரசி உரசி வந்த புண் அது. வாரைக் கழற்றி, ஆறும்வரை சேணமே போடாமல் விட்டால்தான் ஆறும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்களோ அத்தனை தடவையும் அதே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் எப்படி ஆறும்? பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். மகன் அன்று இரவு வரை என்னோடு பேசவில்லை. அவன் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனாலும் அன்று திரும்பி வந்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மறுநாள் போன இடத்தில் பொறுப்பிலிருந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே “ஒவ்வொருத்தரும் எவ்வளவு எடை இருப்பீங்க?” என்பதுதான். நான் 94 கிலோ. அவர் ஒரு நிமிடம் யோசித்தார். “எங்ககிட்ட இருக்கிறதுலயே பெரிய குதிரை 430 கிலோ. சேணமே 12 கிலோ வரும். நீங்க ஏற முடியாது சார். ஒரு மணி நேரம் நடக்கிறதுதானே, கூடவே வாங்க.”

முகம் சுண்டிப்போனது உண்மை. பிள்ளைகள் முன்னால் வேறு. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சேணத்தையும் சேர்த்து, குதிரை தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்கக் கூடாது என்பது குதிரைக்காரர்கள் பலரும் வைத்திருக்கும் அளவு. 430 கிலோவுக்கு 86. நான் சேணத்தோடு 106. அமெரிக்காவின் ஒஹையோவில் 8 குதிரைகளை வைத்து இதைச் சோதித்து, 2008-ல் முடிவை வெளியிட்டிருக்கிறார்கள். எடையில் 15, 20, 25, 30 சதவீதம் என்று சுமையைக் கூட்டிக்கொண்டே போய், இதயத் துடிப்பையும் தசை வலியையும் அளந்தார்கள். 25-க்குப் போனதுமே குதிரைகள் சிரமப்பட்டது தெரிந்தது. என்னைச் சுமந்திருந்தால் கிட்டத்தட்ட அந்த 25-தான்.

என் கருத்து இதுதான்: உங்களைப் பார்த்து ‘முடியாது’ என்று சொல்லத் தெரிந்த இடத்துக்கே குடும்பத்தைக் கூட்டிப்போங்கள். வருகிற எல்லாரையும் ஏற்றிவிடுகிற இடத்தில் குதிரைக்கும் பாதுகாப்பில்லை, உங்கள் பிள்ளைக்கும் இல்லை. 430 கிலோ மிருகத்தின் முதுகில் வலி இருந்தால், அது எந்த நிமிடம் என்ன செய்யும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஏறுவதற்கு முன் என்னென்ன கவனிக்க வேண்டும் என்று சொல்லித்தரவே அரை மணி நேரம் போனது. குதிரைக்கு நேர் பின்னால் போகக் கூடாது. தலையை அசைக்காமலே தன்னைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வட்டத்தையும் பார்க்கிற மிருகத்துக்கு, வாலுக்குப் பின்னாலும் நெற்றிக்கு நேர் முன்னாலும்தான் தெரியாது. அதனால் தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போக வேண்டும். குதிகால் வைத்த காலணி வேண்டும், இல்லாவிட்டால் பாதம் அங்கவடிக்குள், அதாவது சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையத்துக்குள், நழுவி மாட்டிக்கொள்ளும். விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது அப்படித்தான். லகானைக் கையில் சுற்றிக்கொள்ளக் கூடாது என்பதற்கும் அதே காரணம். என் மனைவியின் துப்பட்டாவை வாங்கி அந்த அம்மாவே மடித்துப் பையில் வைத்தார். தரையிலிருந்து எம்பி ஏறவும் விடவில்லை. படி போட்டுத்தான் ஏற வேண்டும், எம்பி ஏறினால் சேணம் ஒரு பக்கம் இழுத்துக் குதிரையின் முதுகைத் திருகும் என்றார்.

மகன் பொறுமையிழந்து “இன்னும் எவ்வளவு நேரம்?” என்றான். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த அரை மணி நேரத்தைக் கொடுக்காதவர்களிடம் ஒரு மணி நேரச் சவாரியை வாங்காதீர்கள்.

மகளுக்குப் பயம். முந்தின நாள் பார்த்த புண்ணும் மனதில் இருந்திருக்கும். ஏறியதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையை இறுக்கினாள். அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை உடனே தலையைத் தூக்கியது, காது இரண்டும் அவள் பக்கமாகத் திரும்பின. “பாப்பா, பெருசா மூச்சு விடு, உனக்குப் பிடிச்ச பாட்டைப் பாடு” என்றார் அந்த அம்மா. அவள் முணுமுணுப்பாகப் பாட ஆரம்பித்தாள். நாலு வரி முடிவதற்குள் குதிரை தலையைத் தாழ்த்தி, உதட்டை நக்கி, வாயை மென்றது. நான் அதன் தோளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன், கண்ணால் பார்த்தேன்.

குதிரை நம் உடம்பை எவ்வளவு நுணுக்கமாகப் படிக்கிறது என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பழைய சாட்சி உண்டு. 1900-களின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குப் போடுவதாகப் பெரிய பேச்சு. கேள்வி கேட்டால் குளம்பைத் தட்டிச் சரியான விடை சொல்லும். ஆஸ்கார் ஃபுங்ஸ்ட் என்பவர் சோதித்து 1907-ல் உண்மையை வெளியிட்டார். கேட்கிறவருக்கு விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்கிறவர் தன்னை அறியாமல் தலையை ஒரு நூல் அளவு அசைப்பதைப் பார்த்துத்தான் அது தட்டுவதை நிறுத்தியது. ஹான்ஸுக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எதிரில் நிற்கிற மனிதருக்கே தெரியாத அசைவு அதற்குத் தெரிந்திருக்கிறது. அப்படிப்பட்ட உயிரின் முதுகில் ஒன்பது வயதுப் பிள்ளை பயத்தோடு உட்கார்ந்தால், அதற்குத் தெரியாமல் இருக்குமா?

சவாரி முழுக்க நடைதான். ஒரு தடவைகூட ஓடவில்லை. குதிரைக்கும் குதிரைக்கும் நடுவில் ஒரு குதிரை நீளம் இடைவெளி. நெருங்கினால் முன்னால் போவது உதைக்கும். ஏற்றத்தில் உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்தார்கள், இறக்கத்தில் பின்னால். கற்கள் நிறைந்த ஒரு இறக்கத்தில் மகளின் குதிரை தானாகவே நின்றது. மூக்கைத் தரையருகே கொண்டுபோய்ப் பார்த்து, ஒரு குளம்பை வைத்து, அது நின்றதா என்று சோதித்து, அப்புறம்தான் அடுத்ததை வைத்தது. லாடம் கல்லில் உரசுகிற சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மேலே உட்கார்ந்திருந்தால் நான் இதைப் பார்த்திருக்க மாட்டேன், பாதையைத்தான் பார்த்திருப்பேன்.

வழியில் புதரில் சிக்கிய ஒரு பிளாஸ்டிக் பை காற்றில் படபடத்தது. மகனின் குதிரை சட்டென்று பக்கவாட்டில் ஒதுங்கியது. ஒரு கையில் போனும் ஒரு கையில் லகானுமாக இருந்திருந்தால் அவன் விழுந்திருப்பான். போனை முன்பே வாங்கி வைத்துவிட்டார்கள். படம் எடுக்க ஆசை இருந்தால் ஒருவரைத் தரையில் நிறுத்துங்கள். நான் எடுத்தேன், நன்றாகவே வந்திருக்கின்றன.

திரும்பி வந்து இறங்கியதும் பிள்ளைகளுக்குக் கால் நடுங்கியது. வாரைத் தளர்த்தி, சேணத்தை எடுத்து, முதுகில் ஈரத்துணியால் துடைக்கப் பிள்ளைகளையே விட்டார்கள். மகள் துடைத்து முடித்து, குனிந்து, முன்னங்காலுக்குப் பின்னால் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். வழவழப்பான தோல், வியர்வை, வேறொன்றும் இல்லை.

அன்று இரவு படுத்த பிறகு கேட்டாள்: “அந்த வெள்ளைக் குதிரைக்கு இன்னைக்கும் சேணம் போட்டிருப்பாங்களாப்பா?”

போட்டிருப்பார்கள் என்றுதான் தோன்றியது. அவளிடம் அப்படியே சொன்னேன்.