நன்றி எழுதினால் மனச்சோர்வு போய்விடுமா?

என் தங்கை மனச்சோர்வில் கிடந்த மாதங்களில் அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. தூங்கும் முன் நன்றிக்குரிய மூன்று விஷயங்களை எழுதச் சொல்லியிருந்தார்கள். முதல் நாள்: "அம்மா, ஜன்னலோரச் செம்பருத்தி, சூடான காபி." பத்தாம் நாளிலிருந்து "அம்மா" மட்டும். பதினைந்தாம் நாள் எழுதியிருந்தாள்: "இவ்வளவு இருந்தும் அழுகிறேனே, நான் நன்றி கெட்டவளா?"

அந்த வரி என்னைத் தூங்க விடவில்லை. ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

நன்றி எழுதினால் மனம் நலம் பெறும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது உளவியலாளர்கள் ராபர்ட் எம்மன்ஸும் மைக்கேல் மெக்கல்லோவும் 2003இல் வெளியிட்ட ஆய்வை. நல்ல ஆய்வுதான். ஆனால் அதில் ஒரு பிரிவினர் நன்றியை எழுதினார்கள், இன்னொரு பிரிவினர் எரிச்சலூட்டியவற்றை எழுதினார்கள். வாரக்கணக்கில் எரிச்சலையே எழுதுகிறவர் மனம் வாடத்தானே செய்யும்? இருவருக்கும் இடையே தெரிகிற வித்தியாசம் முழுவதையும் நன்றியின் கணக்கில் வரவு வைக்க முடியாது.

பிறகு ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெக்கும் ஜெனிஃபர் சீவென்ஸும் நன்றிப் பயிற்சிகள் பற்றிய 27 ஆய்வுகளை, மொத்தம் 3,675 பேரின் தரவுகளை, ஒன்றாகச் சேர்த்து அலசினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைந்தது கொஞ்சமே. இந்த அறிகுறிகளுக்குப் பலன் நிரூபிக்கப்பட்ட சிகிச்சைகளை நாடுவதே நல்லது என்று அவர்களே சொல்கிறார்கள்.

2024இல் அமெரிக்காவில் 49,275 மூத்த பெண்களிடம் நடந்த ஆய்வு வாட்ஸ்அப்பில் "நன்றி சொன்னால் ஆயுள் கூடும்" என்று சுற்றியது. நன்றியுணர்வு மிகுந்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 சதவீதம் குறைவாக இருந்தது உண்மை. முந்தைய உடல்நலத்தையும் கணக்கில் எடுத்தார்கள். ஆனாலும் அது கவனித்துப் பதிவு செய்த ஆய்வு. எது எதனால் என்று அது நிறுவாது.

நன்றி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நலமாக இருப்பவர் எழுதட்டும், மனம் கொஞ்சம் மலரும். ஆனால் நன்றி மறப்பதைப் பெரும் பாவமாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். எழுந்து பல் துலக்கவே முடியாத ஒருவரிடம் "இருப்பதை நினைத்துச் சந்தோஷப்படு" என்றால், அது அவர் காதில் குற்றச்சாட்டாகத்தான் விழும். தயவுசெய்து சொல்லாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப் போங்கள், கூடவே உட்காருங்கள்.

நாங்கள் தாமதமாகத்தான் போனோம். அந்த மருத்துவர் நோட்டைக் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, சாப்பாடு இறங்குகிறதா என்று கேட்டார். தங்கை அன்றைக்குத்தான் முழுதாகப் பேசினாள்.