யாழ்ப்பாணக் கோட்டையைக் கட்டியது சங்கிலியனா?

"யாழ்ப்பாணம் போனால் சங்கிலியன் கட்டிய கோட்டையைப் பாருங்கள்" என்று, கோட்டைப் படத்தோடு ஒரு செய்தி வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அது பிழை. பண்ணைக் கடலோரம் நிற்கும் இந்தக் கோட்டையைத் தொடங்கியவர்கள், 1619இல் யாழ்ப்பாண அரசின் கடைசி மன்னனான சங்கிலியனைத் தோற்கடித்த அதே போர்த்துக்கேயர்தான்! அவர்களுடையது நாற்கோணக் கோட்டை. 1658இல் அதைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) பிறகு ஐங்கோணமாக மாற்றிக் கட்டினார்கள். பகிரப்படும் படம் மேலிருந்து எடுத்ததுதானே, ஐந்து மூலைகளிலும் துருத்தி நிற்கும் கொத்தளங்களையும் அதிலேயே எண்ணிவிடலாம். சுவரை நெருங்கிப் பார்த்தால் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) தெரியும். உள்ளே 1706இல் எழுந்த ஒல்லாந்தர் தேவாலயம் உள்நாட்டுப் போரில் இடிந்துபோனது.

சரி, சங்கிலியனைத் தேடுபவர்கள் எங்கே போவது? நல்லூருக்கு. அதுதான் அவனுடைய தலைநகர். முத்திரைச் சந்தியில் சிலை இருக்கிறது. அவனுடைய அரண்மனை வாசல் என்று சொல்லப்படும் சங்கிலித்தோப்பு வளைவும் பக்கம்தான், அது பிற்காலத்தது என்பாரும் உண்டு.